இருசப்பனோட நாவல் ஏன் அவ்வளவு நீளம்

எங்க சுங்கை மெராக் ஊர்ப் படக்கொட்டகையில டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்த இருசப்பன் தன்னோட நாவலுக்கு முதல் பக்கம் எழுதின மறுநாள் காலையில, டிக்கெட் சன்னலுக்கு நேர் கீழ ஒரு சிலிப்பர் கட்டை கிடந்துச்சு. ரயில் தண்டவாளத்துக்கு அடியில குறுக்கப் போடுவாங்களே, அந்தக் கட்டைதான். நல்ல கனம், சொட்டச் சொட்ட நனைஞ்சு போய், ஓரத்துல ஒரு மூங்கில் இலை ஒட்டிக்கிட்டிருந்துச்சு. எங்க ஊர் மண்ணு செவப்பு, கட்டையில ஒட்டியிருந்த மண்ணு கறுப்பு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் கேட்கலை. பகல் ஆட்டத்துக்கு வந்த சனம் அது மேல ஏறி நின்னு டிக்கெட் வாங்குச்சு, ஏன்னா அந்த சன்னலைக் கட்டினவன் தன் உயரத்துக்குக் கட்டிட்டுப் போயிட்டான், அத்தனை வருசமா குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னவங்களுக்கு அன்னைக்குத்தான் பாதம் முழுசா ஊன்ற இடம் கிடைச்சுது.

"நல்ல காரியம் பண்ணினீங்க தவுக்கே"ன்னு எல்லாரும் கொட்டகை முதலாளி ஆ லோங்கைப் பாராட்டினாங்க. ஆ லோங் ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்துல பொறந்து வளர்ந்த சீனர், நம்மளை விடச் சுத்தமாத் தமிழ்ல திட்டுவார். செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வந்தா வேணாம்னு சொல்ற வியாபாரி எந்த சாதியிலயும் கிடையாது. "பின்ன? ஒங்க குட்டைக் காலைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்காதா?"ன்னார்.

ரெண்டாம் பக்கத்துக்கு ரெண்டாம் கட்டை வந்துச்சு. மூணாம் பக்கத்துக்கு மூணாவது. ஒரு எட்டு வச்சா அடுத்த கட்டையில கால் விழுற மாதிரி சரியான இடைவெளியில, சன்னல்லேர்ந்து கிளம்பி, கொட்டகை வாசலைத் தாண்டி, சீனி முகம்மது காக்கா கோப்பிக் கடையை ஒட்டி, வடக்குப் பக்கமாப் போற சந்துல ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா, யாரோ இருட்டுல வந்து அளந்து போட்டுட்டுப் போன மாதிரி. காக்காதான் கண்டுபிடிச்சார். ஒரு நாள் இருசப்பன் சளி பிடிச்சு எழுதாமப் படுத்துட்டார், மறுநாள் கட்டை வரலை. "இருசப்பன் எழுதினா கட்டை வருது, எழுதலைன்னா வரலை, அவ்வளவுதான் லா"ன்னு காக்கா சொல்லிட்டு அடுத்த ஆளுக்குக் கோப்பி ஆத்தப் போயிட்டார். ஊரும் சரின்னுடுச்சு. காத்து வீசினா ரப்பர் இலை விழுது, அதை யாரும் போய் விசாரிக்கிறதில்லைல்ல.

இருசப்பன் ஏன் அந்த சன்னலுக்குள்ள உக்காந்தார்னு சொல்லணும். ஜப்பான்காரன் காலத்துல ஒரு நாள் தோட்டம் தோட்டமா ஆள் வந்து சொன்னான், இன்னைக்குக் கொட்டகையில இலவசப் படம், எல்லாரும் வாங்கன்னு. இலவசம்னா விடுவாங்களா? இருசப்பனும் அவர் கூட்டாளி சடையனும் போனாங்க. சடையன் அப்பத்தான் அம்மாக்கண்ணுவைக் கட்டியிருந்தான். பயங்கரமான சேட்டைக்காரன், கங்காணி நடக்குற மாதிரி நடப்பான், தொரை தும்முற மாதிரி தும்முவான், ஒரு தடவை தொரையே திரும்பிப் பார்த்துட்டு நாமதான் தும்மிட்டோமோன்னு மூக்கைத் துடைச்சுக்கிட்டாராம். "எனக்குக் கூட்டம் ஆகாது, நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து எனக்கு நடிச்சுக் காட்டுங்க"ன்னு அம்மாக்கண்ணுதான் அனுப்பி வச்சாங்க. பாதிப் படத்துல கதவெல்லாம் சாத்திட்டான். வெளிய லாரி. உள்ள இருந்த ஆம்பளை அத்தனை பேரும் நேரா சயாமுக்கு, இப்பத் தாய்லாந்துங்கிறாங்களே அங்க, காட்டை வெட்டி ரயில் பாதை போடுறதுக்கு. அந்தப் பாதையில ஒரு கட்டைக்கு ஒரு ஆளு செத்தான்னு எங்க பக்கம் இன்னைக்கும் சொல்லுவாங்க.

சண்டை முடிஞ்சு இருசப்பன் மட்டும் திரும்பி வந்தார். சட்டைக்கு உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்துத்தான் சொல்லணும், அப்படி இருந்தார். தோட்டத்துக்குப் போகலை. நேரா அதே கொட்டகைக்கு வந்து வேலை கேட்டார். டிக்கெட் சன்னல்லேர்ந்து பார்த்தா வெளிய வர்ற கதவு தெரியும். ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் வெளிய வர்ற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். கடைசி ஆள் வந்தப்புறமும் கொஞ்ச நேரம் பார்ப்பார். உள்ள போனவங்க வெளிய வர்றாங்களான்னு பார்க்கத்தான் அவர் வந்தது, டிக்கெட் வித்ததுக்குத்தான் சம்பளம். அந்தக் கதவுக்கு எதிர்ப்பக்கம் அம்மாக்கண்ணு ஒரு தள்ளு வண்டி போட்டுக்கிட்டு, வறுத்த கடலையும் பொரிச்ச பட்டாணியும் காகிதச் சுருள்ல வித்தாங்க. அவங்களும் அந்தக் கதவைத்தான் பார்த்தாங்க. முப்பது வருசம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டது இவ்வளவுதான்.

"பசியாறிட்டீங்களாண்ணே?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சுண்ணே."

சடையன் பேரை அவரும் எடுக்கலை, அவங்களும் எடுக்கலை. பிற்பாடு இருசப்பனுக்குக் கண்ணுல புரை விழுந்து, வெளிய வர்ற முகமெல்லாம் ஒரே மாவு மாதிரி ஆயிடுச்சு. யாரு வர்றாங்கன்னு தெரியலை. அன்னைக்குத்தான் பழைய பட நோட்டீசைத் திருப்பிப் போட்டு, மூக்கு தாள்ல இடிக்கிற மாதிரி குனிஞ்சு எழுத ஆரம்பிச்சார்.

என்ன எழுதினார்ங்கிறீங்களா? பக்கம் பக்கமாக் காக்கா கடையில படிச்சுக் காட்டுவாங்க, அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். சயாம்ல பட்டினி கிடந்தவர், நாவல்ல பட்டினியைப் பத்தி ஒரு வரி எழுதலை. அதுக்குப் பதிலா ஒரு கலியாணப் பந்தியை எழுதினார், இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு வச்சு, ஒரு அத்தியாயம் முழுக்கப் பரிமாறிக்கிட்டே இருந்தார், மோர் வர்றதுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்த எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிப் போச்சு, ஏன்னு தெரியலை. அவரை மூங்கிலால அடிச்ச ஜப்பான்காரனைப் பல்வலிக்காரனா எழுதினார், பாவம் அவன் ராத்திரியெல்லாம் தாடையைப் பிடிச்சுக்கிட்டு அம்மாவைக் கூப்பிடுறான். "அவனுக்குப் பல்வலியா இருந்துச்சு?"ன்னு காக்கா கேட்டார். "இல்லை. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னார் இருசப்பன். காட்டுல அவர் பார்த்த கூத்தாடி குரங்கு ஒண்ணு நாவல்ல கிராணியா வந்து கணக்கு எழுதுச்சு. ஆனா எல்லா அத்தியாயத்துலயும் ஒரு சேட்டைக்காரன் வந்தான். எல்லாரும் அழப்போற நேரத்துல ஒரு தும்மல் தும்முவான்.

கட்டைங்க சந்துல வரிசையா நீண்டுக்கிட்டே போகப் போக, ஊர் அதைத் தன்னோடதா ஆக்கிக்கிச்சு. முதல்ல துணி காயப் போட்டாங்க. அப்புறம் மத்தியானத்துல உக்காந்து தாயம் ஆடினாங்க. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவை சயாம்ல தொலைச்ச கோயில் தலைவர் கோதண்டம் ஒரு கட்டைக்கு முன்னாடி வந்து நின்னார். கோதண்டம் ரெண்டு வார்த்தைக்கு ஒரு இருமல் இருமுவார், தான் பேசுறது முக்கியம்னு தனக்கே ஞாபகப்படுத்திக்க. "இது... க்ஹும்... எங்க அப்பா"ன்னார். மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு, ஒரு பீடியைப் பத்த வச்சு கட்டை மேல வச்சார். பீடி தானா இழுபட்டுக் கரைஞ்சுச்சுன்னு அவர் சொன்னார். காத்துன்னு மத்தவங்க சொன்னாங்க. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை சந்து முழுக்கப் படையல். உடம்பும் கிடைக்காம, சமாதியும் இல்லாம, எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுறதுன்னே தெரியாம இருந்த வீடுங்க ஆளுக்கொரு கட்டையைப் பிடிச்சுக்கிச்சு. ஒருத்தர் கருவாட்டுக் குழம்பு வச்சார், ஒருத்தர் கள்ளு வச்சார், ஒரு அம்மா தன் அண்ணனுக்கு ஒரு சினிமா டிக்கெட்டை வச்சுட்டு, "பாதியில விட்டுட்டுப் போனியே, முழுசாப் பாரு"ன்னுச்சு.

சண்டையும் வந்துச்சு. ஒரு கட்டையில மச்சம் மாதிரி ஒரு முடிச்சு.

"எங்க சித்தப்பாவுக்கு இங்கதான்யா மச்சம்!"

"எங்க மாமாவுக்கும் இங்கதான். போய் வேற கட்டை பாரு."

"ஒங்க மாமாவுக்கு மச்சம் கன்னத்துல. நானே பார்த்திருக்கேன்."

"கட்டைக்குக் கன்னம் எதுய்யா?"

ஒருநாள் பொழுது முழுக்க நடந்துச்சு. கடைசியில இருசப்பனை அன்னைக்கே இன்னொரு பக்கம் எழுத வச்சுத்தான் தீர்த்தாங்க.

நகராட்சியிலேர்ந்து ஒரு மலாய்க்கார ஆபீசர் வந்தார். பொதுச் சந்துல இப்படிப் போடக் கூடாது, எடுக்கணும்னார். ஆளுங்களை விட்டு ஒரு கட்டையைத் தூக்கி லாரியில ஏத்திக்கிட்டுப் போனார். மறுநாள் அது அதே இடத்துல, அதே ஈரத்தோட கிடந்துச்சு. ஆபீசர் திரும்பி வந்தார். குனிஞ்சு ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தன்னோட பெரியப்பாவையும் அந்தக் கொட்டகையிலதான் பிடிச்சாங்க, காலியா ஏதாவது கட்டை இருக்கான்னு கேட்டார். காக்கா ஒண்ணைக் காட்டினார்.

அம்மாக்கண்ணு மட்டும் எந்தக் கட்டையையும் தொடலை. கடலை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓரமாவே போவாங்க. கேட்டா, "எனக்கெதுக்கு? எங்க ஆளுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்பாங்க. நெத்தியில பொட்டு, கழுத்துல தாலி. ஆனா கட்டை வரிசை கோயிலைத் தாண்டி, கிணத்தைத் தாண்டி, சந்தோட வடக்குக் கடைசிக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. அங்க இருந்தது ஒரே வீடு. அம்மாக்கண்ணு வீடு.

அப்புறம் ஊரே சன்னல் முன்னால வந்து நின்னுடுச்சு. நாவல்ல அந்த சேட்டைக்காரனுக்குக் காய்ச்சல் கண்டிருந்த நேரம் அது.

"கொன்னுடாதீங்க இருசப்பன்"ன்னாங்க பாதிப் பேர்.

"எத்தனை நாளைக்கு அந்தப் பொம்பளை காத்துக்கிட்டிருக்கும்? க்ஹும். ஒரு முடிவைச் சொல்லுங்க. ஒரு கட்டை போடுங்க, அழுது முடிச்சுட்டு நிம்மதியா இருக்கட்டும். க்ஹும். நான் படையலுக்குக் கோழிகூடச் சொல்லி வச்சுட்டேன்"ன்னார் கோதண்டம்.

"கோழிக்காக ஆளைக் கொல்றதா?"ன்னு காக்கா சண்டைக்குப் போனார்.

தவுக்கே எல்லாரையும் விரட்டிட்டு, "டிக்கெட் வாங்கினா நில்லு, இல்லைன்னா போ"ன்னார். பத்துப் பேர் டிக்கெட் வாங்கிட்டு நின்னாங்க.

இருசப்பன் பேனாவை மூடி வச்சுட்டார். எழுதவும் இல்லை, எழுத மாட்டேன்னும் சொல்லலை. அப்படியே ரொம்ப நாள் போச்சு. கட்டை வரிசை அம்மாக்கண்ணு வீட்டு முருங்கை மரத்துகிட்ட வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு, வாசலைப் பார்த்துக்கிட்டு, உள்ள வரலாமான்னு கேட்குற விருந்தாளி மாதிரி. ஒரு மத்தியானம், உள்ள படம் ஓடிக்கிட்டிருந்தப்ப, அம்மாக்கண்ணு வண்டியை விட்டுட்டு வந்து சன்னல்ல கை வச்சாங்க.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அவரு என்ன ஆனாரு?"

இருசப்பன் கண்ணாடியைக் கழட்டிட்டார். கழட்டினாலும் போட்டாலும் அவருக்கு ஒண்ணுதான்.

"தெரியலைம்மா. சத்தியமாத் தெரியலை. எனக்குக் காய்ச்சல். படகுல போட்டு வேற முகாமுக்குக் கொண்டு போனாங்க. சடையன் கரையில நின்னான். மழை விட்டப்புறம் நான் திரும்பி வந்து பார்த்தா அங்க முகாமே இல்லை, அடுப்புக் கல்லுதான் கிடந்துச்சு. ஒருத்தன் சொன்னான், வாந்திபேதிக் கொட்டாயில பார்த்தேன்னு. இன்னொருத்தன் சொன்னான், ஒரு சயாம்காரன் மாட்டு வண்டியில ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்னு. ரெண்டு பேருமே வாயைத் திறந்தாப் பொய் பேசுறவனுங்க."

"நீங்க எதை நம்புறீங்க?"

"காலையில ஒண்ணை நம்புவேன். சாயங்காலம் இன்னொண்ணை."

"இதை ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்கலையேம்மா."

"கேட்டா சொல்லிடுவீங்களேன்னுதான் கேட்கலை."

உள்ள படத்துல யாரோ சிரிக்க வச்சிருப்பாங்க போலிருக்கு, கொட்டகையே சிரிச்சு அடங்குச்சு. அது அடங்கினதும் அம்மாக்கண்ணு சன்னல் பக்கமாக் குனிஞ்சாங்க.

"பேனாவை எடுங்க. மாட்டு வண்டியில ஏறிப் போயிட்டார்னு எழுதுங்க."

"அப்படின்னா ஏன் திரும்பி வரலைன்னு படிக்கிறவன் கேட்பான்மா."

"ஏன் வரலை? அங்க ஒரு சயாம்காரியைக் கட்டிக்கிட்டார்னு எழுதுங்க. பிள்ளைங்க இருக்குன்னு எழுதுங்க. சந்தையில வாழைப்பழம் பொரிச்சு விக்கிறார், வித்தது பாதி தின்னது பாதின்னு எழுதுங்க. தொப்பை போட்டுடுச்சுன்னு எழுதுங்க."

"சடையன் அப்படிப்பட்ட ஆளு இல்லைம்மா."

"உசுரோட இருக்கணும்னா அப்படிப்பட்ட ஆளாத்தான் இருந்தாகணும்ணே. என்னை மறந்துட்டார்னு எழுதுங்க. சுத்தமா, பேரு கூட ஞாபகம் இல்லாம மறந்துட்டார்னு எழுதுங்க. செத்துட்டார்னு மட்டும் எழுதாதீங்க."

எழுதினார். அவங்க சன்னல்ல கை வச்ச வச்சபடி நின்னாங்க. தொப்பையை எழுதும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒரு தடவை சிரிச்சுக்கிட்டாங்க.

மறுநாள் விடியறதுக்குள்ள ஊர் பூரா அம்மாக்கண்ணு வாசல்ல. வாசல்ல கட்டை இல்லை. முருங்கை மரத்துகிட்ட வளைஞ்சு, வீட்டைச் சுத்திக்கிட்டு, கொல்லைப் பக்கமா, ஒத்தையடிப் பாதையில, வடக்கைப் பார்த்து ஒரு புதுக் கட்டை கிடந்துச்சு. சனம் மூச்சு விட்டுச்சு. கோதண்டம் இருமினார். கோழியை என்ன பண்றதுன்னு யோசிச்சிருப்பார்.

அதோட முடிஞ்சுதுன்னு நாங்க நினைச்சோம். அம்மாக்கண்ணு நினைக்கலை. மூணாம் நாள் கடலையை வறுக்கும்போது கரண்டியை ஓங்கி சட்டியில தட்டினாங்க. "மறந்துட்டாராமே!"ன்னாங்க. "பேரு கூட ஞாபகம் இல்லையாமே! நான் இங்க கதவைப் பார்த்துப் பார்த்து நிக்கிறேன், இந்த மனுசன் அங்க ஒரு சயாம்காரி கையால தின்னுட்டுத் தொப்பையைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரா?"

"ஐயோ, அதை நீதானேம்மா சொல்லி எழுத வச்சே"ன்னார் காக்கா.

"யாரு சொன்னா என்ன? செஞ்சது அவருதானே! நான் போய் ஞாபகப்படுத்திட்டு வர்றேன்."

வீட்டைப் பூட்டினாங்க. ஒரு பையில ரெண்டு சேலை, ஒரு பையில கடலை. கொல்லையில அந்தக் கடைசிக் கட்டை மேல ஏறி நின்னு, இடுப்புல கை வச்சு வடக்கைப் பார்த்தாங்க. அடுத்த கட்டை இல்லை. "என்ன?"ன்னு திரும்பிக் கத்தினாங்க. "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? போய் அண்ணனை எழுதச் சொல்லுங்க!"

ஓடினோம். இருசப்பன் அரைக் கோப்பியை அப்படியே வச்சுட்டு எழுதினார். முன்னெல்லாம் விடியறதுக்குள்ள வரும், அன்னைக்கு எழுதின மை காயறதுக்குள்ள வந்துச்சு. பக்கத்துக்கு ஒரு கட்டைங்கிறது பத்தாமப் போய், வரிக்கு ஒரு கட்டை ஆச்சு. வரியும் பத்தாமப் போய், வார்த்தைக்கு ஒரு கட்டை ஆச்சு. அவர் ஒரு வார்த்தை எழுத, அவங்க ஒரு எட்டு வச்சாங்க, அவர் ஒரு வார்த்தை எழுத, அவங்க ஒரு எட்டு வச்சாங்க. தவுக்கே டிக்கெட் விக்க வேற ஆள் போட்டார், ஆனா இருசப்பனை சன்னலை விட்டு எழுப்பலை, புது ஆளுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். காக்கா வேளாவேளைக்குக் கோப்பி. கோதண்டம் பேனாவுக்கு மை ஊத்துறதைக் கோயில் உபயமா எடுத்துக்கிட்டார். லாரிக்காரங்க வந்து சேதி சொல்லுவாங்க, வடக்க அலோர் ஸ்டார் வயக்காட்டுல பார்த்தோம், நாரையெல்லாம் வழி விட்டுச்சுன்னு. சயாம் எல்லையில பாஸ்போர்ட் கேட்டாங்களாம். அவங்க கட்டை மேல நின்னபடியே, "ஒங்க மண்ணுல நான் இன்னும் கால் வைக்கலையே தம்பி, கீழே குனிஞ்சு பாரு"ன்னாங்களாம். அவனும் குனிஞ்சு பார்த்துட்டு, சரிதான்னு ஒரு காகிதச் சுருள் கடலை வாங்கிக்கிட்டு விட்டுட்டானாம்.

நாவலோட முதல் பாகம் புத்தகமா வந்து பேரு வாங்குச்சு. அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. பட்டணத்துல படிச்சவங்க கூட்டம் போட்டுப் பேசினாங்க. சயாம் ரயிலைப் பத்தி இதை விடப் பெரிய நாவல் வராதுன்னாங்க. ஆனா பிற்பாதி இழுக்குதேன்னாங்க. ஒரு பொம்பளை நடந்துக்கிட்டே இருக்கா, வேற ஒண்ணும் நடக்கலை, அதுவும் போர் நாவல்ல நாலு பக்கத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை எதுக்குன்னாங்க. சோறு, ஆவி பறக்குற ரசம், குடிக்கத் தண்ணி, கால் கழுவத் தண்ணி. நடக்குறவங்களுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், எங்க ஊர்ல யாருக்கும் அது இழுக்குற மாதிரி தெரியலை.

போன மாசம் பினாங்குலேர்ந்து பதிப்பாளர் வந்தார். நல்ல மனுசர், வேர்வையைத் துடைச்சுக்கிட்டு சன்னல்கிட்ட குனிஞ்சு நின்னார். இருசப்பனுக்குக் கண்ணு இப்ப முழுசாப் போயிடுச்சு, தாள்ல விரலை வச்சு வரியைத் தடவித் தடவி எழுதுறார்.

"ஐயா, முடிச்சிடலாமே. பாருங்க, எல்லாரும் கேட்குறாங்க. அந்தம்மா போய் அவரைப் பார்க்குறாங்களா இல்லையா? ஒரு வரி எழுதுங்க. எப்படி வேணும்னாலும் எழுதுங்க."

"எனக்கு எப்படிங்க தெரியும்? அவங்க இன்னும் போய்ச் சேரலையே"ன்னார் இருசப்பன்.

"நாவல் ஒங்களுதுதானேய்யா?"

"பாதை என்னுது." தலையைச் சாய்ச்சு வெளிய என்னமோ கேட்குற மாதிரி கேட்டார். "வெயில் எப்படிங்க இருக்கு?"

"மண்டையைப் பொளக்குது."

"அப்ப கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்லிட்டு, விரலால வரியைத் தேடிப் பிடிச்சு, இருசப்பன் அங்க ஒரு மரம் எழுதினார்.